இரண்டு பேராய் நுழையும் வாசல்

"எல்லாத்தையும் விட்டாச்சு. இன்னும் எதை விடணும்?"

பதினேழாம் கட்டிலில் கிடந்த தாணு சாமி இப்படிக் கேட்டார். யாரிடம் என்று பார்த்துக் கேட்கவில்லை. கட்டிலருகே யாரோ வந்து நின்றது தெரிந்தது, கேட்டுவிட்டார்.

வந்து நின்றவர் டாக்டர் சுகிர்தா. அவர் கையில் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய கண்ணாடிப் பாட்டில் இருந்தது. அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

"நாளைக் காலை ஆறு மணியில இருந்து மறுநாள் காலை ஆறு மணி வரைக்கும். போற சிறுநீர் எல்லாம் இதுக்குள்ள இருக்கணும். ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தாணு சாமி வெகுநேரம் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பதினோரு வருஷத்துக்கு முன் அவர் சிதம்பரதாணு, நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். மனைவி இறந்து ஒரு வருஷம் ஆன அன்று வீட்டுச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஆனைப்பாறை மலைக்கு ஏறிப் போனார். அங்கே ஒரு குகை இருந்தது.

முதலில் பேச்சை விட்டார். பிறகு சோற்றை விட்டார். பிறகு மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விட்டார்.

மலையடிவாரத்தில் மரச்சீனி பயிரிடுகிறவர் ஒருவர் இருந்தார். பெயர் செல்லையா. குகையில் ஆள் இருப்பதை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் கிழங்கை அவித்து மசித்து, தூக்குச்சட்டியில் கொண்டுவந்து, குகைக்கு முன்னால் கிடந்த கல்லின்மேல் வைத்துவிட்டுப் போவார். பேசக் கூடாது என்பது சாமி முதல் நாளே போட்ட கட்டளை. பத்து வருஷம் இருவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை கிடையாது.

பதினோராம் வருஷம் செல்லையாவின் காலடிச் சத்தமே தியானத்தைக் கலைக்கிறது என்று சாமிக்குத் தோன்றியது. ஒரு நாள் குகைக்குள் இருந்தபடியே சொன்னார், இனிமேல் வர வேண்டாம், என் கண்ணில் படும் தூரத்தில் நிற்கவும் வேண்டாம் என்று. மறுநாள் கல்லின்மேல் ஒரு மூட்டை காய்ந்த கிழங்கு இருந்தது. ஆள் இல்லை. சாமி தானே அவித்துச் சாப்பிட்டுக்கொண்டார்.

நாலைந்து மாதம் கழிந்து வெளிச்சம் வந்தது.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில், எதிர்ப்பாறைக்கு மேல், மஞ்சளும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு வெளிச்சம் வந்து நின்றது. அதற்குள்ளிருந்து யாரோ அவர் பெயரைச் சொன்னார்கள். அவர் அழுதார். அதன் பிறகு நடக்கும்போது உடம்பு ஆடியது, அதை ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டார். வெயில் பட்ட இடமெல்லாம் எரிந்தது. கழுத்தைச் சுற்றித் தோல் சிவந்து, கறுத்து, மாலை போட்டதுபோல ஆனது. அதையும் மாலை என்றே எடுத்துக்கொண்டார்.

ஆனால் வெளிச்சம் பாறைக்கு மேலேயே நின்றது. கிட்டே வரவில்லை, அவரை வா என்று கூப்பிடவும் இல்லை. அவருடைய குறை அதுதான்.

ஒரு மத்தியானம் சுனைக்குப் போன இடத்தில் கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. பாறையில் விழுந்தார். அதற்குப் பிறகு நினைவில் இருந்தது வேர்வையில் நனைந்த ஒரு முதுகு, அது இறங்கிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். கண் திறந்தபோது அரசு ஆஸ்பத்திரியில் பதினேழாம் கட்டிலில் கிடந்தார்.

வார்டு டாக்டர் பார்த்துவிட்டு, சத்துக் குறைவு, ஒரு வைட்டமின் உடம்பில் சுத்தமாக இல்லை என்று எழுதி, தினம் மூன்று மாத்திரை கொடுக்கச் சொன்னார். மாத்திரை கொண்டுவந்த நர்ஸ் நல்ல மனசோடு, இதைப் போட்டால் மண்டைக் குழப்பம் எல்லாம் தெளிந்துவிடும் என்று சொன்னாள். வெளிச்சமுமா என்று சாமி கேட்டார். எல்லாம் சரியாகிவிடும் என்றாள்.

அன்றிலிருந்து அவர் மாத்திரையை வாயில் போட்டு, நர்ஸ் நகர்ந்ததும் எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்தார்.

சின்ன வயதிலும் அவருக்கு வெயில் ஆகாது, கோடையில் அம்மா குடை கொடுத்துத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அந்தச் செய்தி வார்டு டாக்டர் வழியாக மருத்துவக் கல்லூரிக்குப் போனது. அங்கே உயிர்வேதியியல் பேராசிரியை சுகிர்தா. நாற்பத்தோரு வயது. நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் இல்லை, பரிசோதனைக் கூடத்திலேயே இருப்பவர். இது பிறவியிலேயே வந்த குறையாக இருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். அதற்கான சோதனையை அந்த ஊரில் செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் பாட்டிலை அவரே எடுத்துக்கொண்டு வந்தார்.

இது எதுவும் தாணு சாமிக்குத் தெரியாது.

ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் கட்டளைதான். எந்த விரதத்தையும் அவர் அவ்வளவு கவனமாகக் காத்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி நடந்து, பாட்டிலை மார்போடு அணைத்துக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பாட்டிலை டாக்டர் சுகிர்தாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

டாக்டர் பாட்டிலின்மேல் எழுதினார்: சிதம்பரதாணு, 52, ஆண், கட்டில் 17.

பதினோரு வருஷத்தில் அவர் கண்முன்னால் அவர் பெயரை யாரும் எழுதியதில்லை.

"இதுல என்ன பாப்பீங்க?" என்று கேட்டார்.

"நாளைக்கு வாங்க. நீங்களே பாக்கலாம்."

மறுநாள் வார்டு உதவியாளர் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, கல்லூரிக் கட்டடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். கூடத்தில் வினிகர் வாடை அடித்தது. ஆளுயரக் கண்ணாடித் தொட்டி ஒன்றிலிருந்து டாக்டர் ஒரு பெரிய காகிதத்தை எடுத்து, கொடியில் துணி போடுவதுபோலத் தொங்கவிட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

காகிதம் வெள்ளையாக இருந்தது. அதில் ஒன்றும் இல்லை.

டாக்டர் விளக்கினார். காகிதத்தின் அடியில் சிறுநீரை ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டு, தொட்டியில் இருக்கும் நீர்மத்தில் நிறுத்தினால் நீர்மம் காகிதத்தில் மெல்ல மேலே ஏறும். ஏறும்போது பொட்டில் இருப்பவற்றையும் கூட்டிக்கொண்டு ஏறும். ஆனால் எல்லாம் ஒரே உயரத்துக்குப் போவதில்லை. ஒவ்வொன்றும் அதன் சுபாவப்படி ஓர் இடத்தில் நின்றுவிடும். இப்போதும் நின்றுகொண்டிருக்கின்றன. நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

சாமி கையை நீட்டி, காகிதத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் தொட்டார். டாக்டர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு மருந்தைக் காகிதம் முழுக்கப் புகைபோலத் தெளித்து, சூடான பெட்டிக்குள் வைத்து, கதவின் கண்ணாடிக்கு முன்னால், முக்காலி இருந்தும் உட்காராமல் நின்றார்.

சாமி நாற்காலியில் இருந்தபடி அவரைப் பார்த்தார்.

"பத்தொம்பது வருஷமா பாக்கிறேன். இன்னும் உக்காந்துகிட்டுப் பாக்க முடியலை" என்றார் டாக்டர்.

சாமியும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

வெள்ளைக் காகிதத்தில் எங்கிருந்தோ ஓர் ஊதாப் புள்ளி வந்தது. அதற்கு மேலே இன்னொன்று. பிறகு ஒன்று. யாரும் வரையவில்லை. டிராயிங் மாஸ்டராக இருபது வருஷம் வேலை பார்த்தவர் அவர், கோடு எப்படி வரும் என்று அறிந்தவர். இவை வந்த விதம் அதுமாதிரி இல்லை. ஏற்கெனவே அங்கே இருந்தவை முகத்தைக் காட்டுவதுபோல, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் வந்தன. வரிசையாக மேலே ஏறி நின்றன.

காகிதத்தின் ஓரத்தில் கடைசியாக ஒன்று வந்தது. சுழிசுழியாக, ரேகை ரேகையாக ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல்.

சாமி தன் விரலைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. காலையில்தான் கழுவியிருந்தார்.

"காகிதத்தைத் தொடாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். உங்ககிட்ட சொல்லலை" என்றார் டாக்டர்.

விரலின் வேர்வையில் இருப்பதும் அதேதான் என்றார். அமினோ அமிலம். உடம்பில் சதையாகவும் தோலாகவும் ரத்தமாகவும் இருப்பதெல்லாம் இவை கோர்த்துக் கட்டியவை.

காகிதத்தில் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்றில் நாலைந்து மங்கல் புள்ளிகள். இன்னொன்றில் பத்துப் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் நாவல்பழத்தை நசுக்கியதுபோல அடர்த்தியாக. எது தன்னுடையது என்று சாமி கேட்டார். டாக்டர் அடர்த்தியானதைக் காட்டினார். அந்த மங்கல் யாருடையது என்று கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த என்னுடையது என்றார் டாக்டர்.

சாமியின் முகத்தில் சின்னதாக ஒரு மகிழ்ச்சி வந்தது.

"எனக்குத்தான் ஜாஸ்தி."

"ஆமா. உள்ள இருக்க வேண்டியது எல்லாம் வெளிய வந்திருக்கு."

சாமி உட்கார்ந்துவிட்டார்.

அன்றும் மறுநாளும் டாக்டர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் வருஷப் பிள்ளைகளுக்குச் சொல்வதைத்தான் சொன்னார். சாமி கேட்ட விதம்தான் வேறு.

அமினோ அமிலம் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் உடம்பு, இரண்டு கை, ஒரு தலை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கைகள் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். தலை மட்டும் வேறு வேறு. இருபது விதமான தலை. ஒரு கை அமிலக் கை, தன்னிடம் இருக்கும் ஒரு துணுக்கைக் கொடுப்பது அதன் சுபாவம். இன்னொன்று காரக் கை, அதன் சுபாவம் வாங்கிக்கொள்வது. தண்ணீருக்குள் போன உடனே ஒரு கை கொடுத்துவிடுகிறது, மறு கை வாங்கிவிடுகிறது. கொடுத்ததும் வாங்கியதுமாக ஒரே உடம்பு நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சாமிக்கு இது பிடிபடவில்லை. டாக்டர் இரண்டு கண்ணாடிக் குவளைகளை அவர்முன் வைத்தார். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் அமினோ அமிலம் கரைத்த தண்ணீர். இரண்டிலும் அமிலம் கூடினால் சிவக்கும் ஒரு நிறங்காட்டியை விட்டார், இரண்டும் ஒரே மஞ்சளாக இருந்தன. சொட்டுக் குழாயில் அமிலம் எடுத்துச் சாமியின் கையில் கொடுத்தார்.

வெறும் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார். குவளை முழுக்கச் சிவந்துவிட்டது.

மற்றதில் ஒரு சொட்டு விட்டார். மஞ்சள்.

இரண்டு. மஞ்சள். பத்து. மஞ்சள். இருபது. சாமி வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். இருபத்தைந்தாம் சொட்டில் கை நின்றது.

"எங்க போகுது இது?"

"கொடுத்துட்டு நின்ன கை வாங்கிக்குது."

"எது வரைக்கும்?"

"விட்டுப் பாருங்க."

அறுபதைத் தாண்டியபின் மஞ்சள் மெல்ல ஆரஞ்சானது. அதற்குப் பிறகும் நிறைய வாங்கிக்கொண்டது. சாமி குழாயை மேசையில் வைத்துவிட்டு, குவளையைப் பார்த்து ஒரு கணம் கைகூப்பினார். தெரிந்து செய்ததில்லை.

நம் ரத்தமும் இப்படித்தான் என்றார் டாக்டர். தின்பதிலும் ஓடுவதிலும் உடம்பில் எவ்வளவோ அமிலம் பிறக்கிறது. ரத்தம் நிலை மாறுவதில்லை. மயிரிழை மாறினால் ஆள் பிழைப்பது கஷ்டம். புரதங்களின் இந்தக் கைகளும், மூச்சும், இன்னும் சிலவும் சேர்ந்து பிறந்த நிமிஷத்திலிருந்து பிடித்துக்கொண்டிருக்கின்றன.

"நான் ஒண்ணும் செய்யாமலேயா?"

"நீங்க தூங்கும்போதும்."

இரண்டாம் நாள் வாசலைப் பற்றிச் சொன்னார். சாப்பிட்ட புரதம் வயிற்றிலும் சிறுகுடலிலும் துண்டு துண்டாகிறது. கடைசியில் தனித்தனி அமினோ அமிலங்களாகச் சிறுகுடலின் சுவரில் வந்து நிற்கின்றன. சுவரில் வாசல்கள் உண்டு. இந்தத் தலைக்கு இந்த வாசல் என்று கணக்கு. தலையில் மின்சுமை எதுவும் இல்லாத பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு வாசல். சிலருக்குப் பிறவியிலேயே அந்த வாசல் சரியாகத் திறப்பதில்லை. குடலிலும் அது, சிறுநீரகத்திலும் அது. குடல் உள்ளே விடாது. சிறுநீரகம் திருப்பி எடுத்துக்கொள்ளாது. காகிதத்தில் ஏறி நின்றவர்கள் அந்தப் பன்னிரண்டு பேர்தான். அவர்களில் ஒருவரிடமிருந்துதான் உடம்பு அந்த வைட்டமினைச் செய்துகொள்ளும்.

சாமி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

"எனக்கு வாசல் பிறக்கும்போதே மூடியிருந்துதா?"

"ஒரு வாசல்."

"அப்ப அம்பத்திரண்டு வருஷம் எப்படி இருந்தேன்?"

டாக்டர் தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு எழுந்துவந்து, தன் வலது கையால் சாமியின் இடது கையைப் பிடித்தார். காய்ந்து உரிந்துகொண்டிருந்த கை அது. பதினோரு வருஷமாக யாரும் இப்படிப் பிடிக்காதது.

"இப்படி வந்தா விடும்" என்றார்.

எல்லாம் தனித்தனியாக உடைந்துவிடுவதில்லை. ஒன்றின் கொடுக்கும் கையும் மற்றதின் வாங்கும் கையும் கோர்த்தபடி இரண்டு பேராய், சிலசமயம் மூன்று பேராய் வாசலுக்கு வருவதும் உண்டு. அவர்களுக்கு வேறொரு வாசல். அது தலையைப் பார்ப்பதில்லை. எந்த இரண்டு பேராக இருந்தாலும் விடும். தனியாக வந்தபோது திருப்பி அனுப்பப்பட்டவரும், கூட ஒருவர் இருந்தால் உள்ளே போகலாம். அந்த வாசல் திறக்க அமிலத்தின் ஒரு துணுக்கும் கூடவே நுழைய வேண்டும். அதைவிடச் சின்னதாக அமிலம் இருக்க முடியாது. அவ்வளவு சின்னது.

"உள்ள போனதும்?"

"கையை விட்டுருவாங்க. பெரும்பாலும்."

"எத்தனை வாசல் அது மாதிரி?"

டாக்டர் சிரித்தார். தனக்குத் தெரியாது என்றார். எண்ண முடியாது, கோடி கோடி என்று சொல்லலாம், இப்போது இந்த நிமிஷமும் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன என்றார்.

சாமி தன் வயிற்றின்மேல் கையை வைத்தார். மெதுவாக, தூங்குகிற குழந்தையின்மேல் வைப்பதுபோல வைத்தார்.

டாக்டருக்கு ஒன்று மட்டும் பொருந்தாமல் இருந்தது. அந்த வாசல் வழியாக இரண்டு பேராய் நுழைய, சாப்பாட்டில் புரதம் இருக்க வேண்டும். மரச்சீனியில் அது இல்லை என்றே சொல்லலாம். வெறும் கிழங்கைத் தின்றுகொண்டு, இந்தக் குறையோடு, ஒருவர் பத்து வருஷம் நல்லபடியாக இருந்திருக்க முடியாது. ஒரு வருஷமே அதிகம்.

"பத்து வருஷமும் யார் சமைச்சது?"

"செல்லையான்னு ஒருத்தன்."

"என்ன போட்டார்?"

"கிழங்கு. உப்பு. தேங்காய், மிளகாய். வேற ஒண்ணும் கிடையாது. என் விரதம் அது."

"அவரைக் கேக்கணுமே."

"அவன் எங்கயோ. நான் போகச் சொல்லிட்டேன்."

டாக்டர் ஜன்னல் பக்கம் போய்க் கீழே பார்த்தார். ஆஸ்பத்திரி வராந்தாத் தூண் ஒன்றின் மறைவில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். வார்டின் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். கல்லூரியின் மாடியிலிருந்து தெரிந்தது. உங்களை மலையிலிருந்து முதுகில் தூக்கிவந்தவர் அங்கேதான் ஆறு நாளாக இருக்கிறார், உள்ளே வாங்க என்றால் வர மறுக்கிறார் என்று நர்ஸ் சொன்னதாக டாக்டர் சொன்னார்.

சாமி எழுந்து ஜன்னலுக்கு வந்தார். பார்த்தார்.

செல்லையாவை மாடிக்குக் கூட்டிவந்தார்கள். அவர் அறை வாசலிலேயே நின்றார். சாமியின் கண்ணில் படாமல் இருக்க முடியாத இடத்தில் வந்து மாட்டிக்கொண்டதுபோல நின்றார். டாக்டர் கேட்டார், கிழங்கில் என்ன போட்டீர்கள் என்று. அவர் சாமியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

சிறுபயறு வறுத்துத் திரித்த மாவு, தினம் இரண்டு கை என்றார். மசிக்கும்போதே போட்டு மசித்துவிட்டால் தெரியாது. நிலக்கடலை விளைந்த மாதங்களில் அதையும் இடித்துப் போட்டார். தங்கள் வீட்டில் யாருக்கும் வெறும் கிழங்கு கொடுக்கிற வழக்கம் இல்லை, மாட்டுக்குக்கூட இல்லை என்றார். கடைசியில் மூட்டையாக வைத்துவிட்டுப் போனபோதுதான் அதில் எதையும் சேர்க்க முடியவில்லை. அதனால் மாதத்தில் பாதி நாள் பாறைக்குப் பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.



தாணு சாமியின் விரதம் பத்து வருஷம் முன்பே, முதல் வாரத்திலேயே முறிந்துபோயிருந்தது. அது அவருக்குத் தெரியாமல் இருந்ததால்தான் அவர் உயிரோடு இருந்தார். நெஞ்சில் கோபம் ஏறியது. பிறகு அது எங்கே போனது என்று தெரியவில்லை.

"பத்து வருஷம் ஏன் சொல்லலை நீ?"



"பேசப்படாதுன்னு சொல்லியிருந்தியளே, சாமி."

அன்று முழுவதும் தாணு சாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மறுநாள் காலை டாக்டர் சுகிர்தா வந்தபோது தலையணைக்குக் கீழே சேர்த்துவைத்த மாத்திரைகளை எடுத்துக் கட்டிலில் பரப்பினார். மறைத்ததை ஒப்புக்கொண்டார். இதைப் போட்டால் அந்த வெளிச்சம் போய்விடுமா என்று கேட்டார்.

"போகலாம்" என்றார் டாக்டர்.

"அப்ப அது நோயா?"

டாக்டர் கட்டிலில் கிடந்த மாத்திரைகளைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்வது சுலபம். பாடப் புத்தகமும் அதைத்தான் சொல்லும். ஆனால் எதிரே இருந்தவரிடம் பதினோரு வருஷத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

"காகிதத்துல ஏறி நிக்கிறதைத்தான் எனக்குப் பாக்கத் தெரியும். அந்த வெளிச்சத்தை நான் பாக்கலை."

பிறகு தண்ணீர் டம்ளரை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். நீட்டியபடியே நின்றார்.

சாமி ஒரு மாத்திரையை எடுத்தார். அது இரண்டு முறை கையிலிருந்து விழுந்தது. மூன்றாம் முறை விழுங்கினார்.

அன்றிலிருந்து செல்லையா உள்ளே வந்தார். காலையும் சாயங்காலமும் பயறு கொண்டுவந்தார், ஆஸ்பத்திரியில் பாலும் முட்டையும் கொடுத்தார்கள். முட்டையைச் சாமி தள்ளிவைத்தார், பாலைக் குடித்தார். ஒரு வாரத்தில் எரிச்சல் அடங்கியது. கழுத்தில் இருந்த கறுப்பு மாலை செதில் செதிலாக உரிந்து, அடியில் புதுத் தோல் தெரிந்தது. கால்கள் சொன்னபடி கேட்டன. சாயங்காலங்களில் வார்டு ஜன்னலுக்கு வெளியேயும் வந்துகொண்டிருந்த வெளிச்சம் முதலில் மங்கியது. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது.

மாத்திரை விழுங்க ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார். ஜன்னலில் வேப்பமரம் இருந்தது. அதன் பின்னால் சாதாரண சாயங்காலம் இருந்தது. வெளிச்சம் வரவில்லை. அவர் பெயரை யாரும் சொல்லவில்லை.

மனைவி போன அன்று இருந்ததுபோல நெஞ்சு காலியாக இருந்தது.

அப்போது வார்டில் சாப்பாட்டு வண்டி வந்தது.

நாற்பது கட்டில்களிலும் அசைவு. தட்டுகள், தூக்குச்சட்டிகள், மூடிகள் திறக்கும் சத்தம். கால் வெட்டப்பட்ட லாரி டிரைவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பிசைந்தார். எதிர்க் கட்டிலில் ஒரு கிழவர் பாலில் ரொட்டியை நனைத்தார், பல் இல்லை, மெதுவாக மென்றார். அவருக்குப் பக்கத்தில், மூன்று நாளாக ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிப் படுத்திருந்த இளைஞன் அம்மா ஊட்டிய ஒரு கவளத்தை வாங்கிக்கொண்டான். பெருக்குகிற அம்மாள் விளக்குமாற்றைச் சாய்த்துவைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். செல்லையா கட்டிலின் காலடியில் தரையில் உட்கார்ந்து, தன் பங்குக் கிழங்கை எடுத்து வாயில் வைத்தார்.

தாணு சாமி செல்லையாவின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தார்.

பிறகு அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை.

இந்தக் கவளம் இறங்கும். துண்டு துண்டாகும். அந்தச் சுவரில் வந்து நிற்கும். கொடுக்கும் கையும் வாங்கும் கையும் கோர்த்தபடி இரண்டு பேராய் வருவார்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்குப் புளிப்பு கூடவே நுழையும், வாசல் திறக்கும். செல்லையாவுக்குத் தெரியாது. லாரி டிரைவருக்குத் தெரியாது. வேண்டாம் என்று படுத்திருந்த அந்தப் பையனுக்கும் திறக்கும். இப்போதே திறந்துகொண்டிருக்கிறது. இந்த அறை முழுக்க, நாற்பது கட்டிலிலும், வாசற்படியிலும், கோடி கோடியாக, சத்தமே இல்லாமல்.

அவர் உடம்பு சிலிர்த்தது. கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை. மூச்சு விடுவதே பெரிய சத்தமாக இருப்பதுபோலத் தோன்றி, மெதுவாக விட்டார்.

வீட்டுக்குக் கிளம்பிய டாக்டர் சுகிர்தா போகிற வழியில் வார்டுக்குள் வந்தார். பதினேழாம் கட்டிலருகே நின்றார்.

"இன்னைக்கு வெளிச்சம் வந்துதா சாமி?" என்று கேட்டார்.

தாணு சாமி திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினார்.

"மெல்லப் பேசுங்கம்மா. எல்லாரும் சாப்பிடுறாங்க."